கண்மாய்ச் சேற்றில் கேமரா: மதுரை வட்டாரத்தில் சேற்று நிலத்தையும் நீர்ப்பறவைகளையும் படமெடுக்க ஒரு முழு வழிகாட்டி

பறவைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பது லென்ஸை. மதுரைப் பக்கத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்பதைத்தான். நிறைந்து மறுகால் பாயும் கண்மாயில் 600 எம்எம் லென்ஸை வைத்துக்கொண்டு நின்றாலும் நடுத்தண்ணீரில் மிதக்கும் நாமக்கோழிகள் புள்ளி புள்ளியாகத்தான் விழும். அதே கண்மாய் பாதி வற்றி ஓரத்தில் ஒரு பட்டை சேறு தெரியத் தொடங்கிய வாரத்தில் 300 எம்எம் போதும். புழுவும் நத்தையும் சிறுமீனும் அந்தச் சேற்றில்தான் சிக்கும். உள்ளானும் நாரையும் அரிவாள் மூக்கனும் ஓரத்துக்குத் தாமே வரும்.

எந்த மாதம், எந்த இடம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கண்மாய்கள் பெருகும். மடை திறந்து பாசனத்துக்குத் தண்ணீர் போகப் போக, தை பிறந்த பிறகு ஓரம் தெரியத் தொடங்கும். வலசை வந்த உள்ளான் வகைகள் ஏப்ரல் வாக்கில் பெரும்பாலும் கிளம்பிவிடும். ஆகவே சேறும் பறவையும் ஒன்றாகக் கிடைப்பது ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை. மழை பொய்த்த வருஷம் இது ஒரு மாதம் முன்னால் வரும். மழை கூடிய வருஷம் தள்ளிப் போகும். நாட்காட்டியை நம்பிப் போவதைவிட, அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் "உள்வாய்ல தண்ணி எதுவரைக்கும் நிக்குது?" என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது. உள்வாய் என்பது கரைக்கு எதிரே, கண்மாய்க்குள் தண்ணீர் வந்து சேரும் ஆழமில்லாத பக்கம்.

மதுரைக்குத் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாய் நகரத்துக்கு மிக அருகில் உள்ள நல்ல இடம். கருவேல மரங்களும் ஆழமில்லாத தண்ணீரும் இருப்பதால் நீர்ப்பறவைகள் கூடும். திருப்பத்தூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் போனால் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயம், 1977-இல் அறிவிக்கப்பட்டது. கூடு கட்டிய பறவைகள் மிரளக்கூடாது என்று அங்குள்ள கொல்லுகுடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே சேற்றில் இறங்குவதற்கு இடமில்லை, கரையிலிருந்து எடுப்பதோடு சரி. மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பாறைக் குன்றுகளின் அடியில் குளங்கள் இருப்பதால், சேற்றுப் பரப்பில் குன்றின் நிழல் விழும் நிலக்காட்சிக்கு அதைவிட வசதியான இடம் பக்கத்தில் இல்லை. வல்லூறு, கழுகு இனங்களுக்குப் பெயர்பெற்ற இடம் என்பதால் மேலேயும் ஒரு கண் இருக்கட்டும்.

கண்மாயே இல்லாமலும் சேறு கிடைக்கும். பெரியாறு பாசனத்தில் பேரணை முதல் கள்ளந்திரி வரையுள்ள இருபோகப் பகுதியில், அணையில் போதிய தண்ணீர் இருந்து வாய்க்காலில் திறந்துவிட்டால் நாற்றங்காலும், வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக்கும் தொழி உழவும் தொடங்கிவிடும். அதைப் பிறகு தனியாகப் பார்க்கலாம்.

சேற்றின் பதம்

சேறு மூன்று பதத்தில் மூன்று விதமான படம் தரும். தண்ணீர் வடிந்த அன்றும் மறுநாளும் மேலே ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கும்; வானம் அப்படியே அதில் தெரியும். நாலைந்து நாளில் படலம் காய்ந்து, மேற்பரப்பு பளபளப்போடு இறுகும். பறவைக் காலடி, எருமைக் குளம்பு, நத்தை ஊர்ந்த கோடு எல்லாம் தெளிவாகப் பதிந்து நிற்பது இந்தப் பதத்தில்தான். அப்புறம் வெடிப்பு. கரம்பை (கண்மாயில் படியும் களிமண்) ஆழமாக இருக்கும் இடத்தில் கட்டி கட்டியாக வெடிக்கும். மணல்மேல் மெல்லிசாக வண்டல் படிந்த இடத்தில் ஏடு ஏடாகக் கிளம்பி ஓரம் சுருளும். இந்தச் சுருளைத் தேடிப் போகிறவர்கள் வரத்துக்கால் கண்மாயில் சேரும் வாயருகே பார்க்கவும். தண்ணீரோடு வரும் மணலும் வண்டலும் அங்கேதான் முதலில் படியும்.

கரையில் நிற்பதா, உள்வாயில் நிற்பதா

இதில்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன. வைகை வடிநிலம் பொதுவாகத் தென்கிழக்காகச் சரிகிறது. அதனால் இந்தப் பக்கத்துக் கண்மாய்களில் பெரும்பாலானவற்றுக்குக் கரை கிழக்கிலோ தென்கிழக்கிலோ இருக்கும். தண்ணீர் வரும் ஆழமில்லாத உள்வாய் மேற்கில் இருக்கும். மடையும் ஆழமும் கரைப் பக்கம், சேறும் பறவையும் உள்வாய்ப் பக்கம்.

காலையில் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால். வெளிச்சம் அருமையாக இருக்கும், பறவை வெகுதூரத்தில் இருக்கும். கரை உயரம் வேறு: மேலிருந்து கீழ்நோக்கி எடுத்த பறவைக்குப் பின்னால் முழுக்கச் சேறுதான் தெரியும், பறவை அதிலேயே கரைந்துபோகும். மாலையில் உள்வாய்க்குப் போனால் சூரியன் மீண்டும் முதுகுக்குப் பின்னால், பறவை 20 மீட்டரில். ஆகவே பறவைக்கு மாலை 4 மணிக்கு மேல் உள்வாய். காலையில் அதே உள்வாயில் நின்றால் வெயில் முகத்துக்கு நேரே அடிக்கும். பறவை நிழலுருவாகும், ஆனால் ஈரச் சேற்றின் ஒவ்வொரு மேடு பள்ளமும் ஒளிக்கோட்டோடு எழுந்து நிற்கும். நிலக்காட்சிக்கு அந்த நேரம்.

மதுரையில் ஜனவரியில் சூரியன் உதிப்பது 6:35 வாக்கில், ஜூனில் 6 மணிக்குச் சற்று முன்னால். உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே இடத்தில் இருக்க வேண்டும். இருட்டில் போய் உட்கார்ந்தவரைப் பறவை பொருட்படுத்தாது. விடிந்தபின் நடந்து வருகிறவரை 100 மீட்டரிலேயே கண்டு எழும்பும். எழும்பாத பறவைகளையும் ஆள்காட்டிக் குருவி கத்திக் கிளப்பிவிடும்.

இறங்குவதற்கு முன்

கண்மாய்ச் சேற்றில் பெரிய ஆபத்து புதைசேறு இல்லை, பள்ளம். வண்டலும் சவுடும் அள்ளிய குழிகள் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கும். மேலே அரை அடித் தண்ணீரோ கலங்கல் சேறோ மூடிக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆளுயரப் பள்ளமும் உண்டு. ஆடு மாடு மேய்க்கிறவர்களிடம் குழி எந்தப் பக்கம் என்று கேட்காமல் இறங்க வேண்டாம். மாட்டுத் தடம் போன வழியிலேயே போகவும். ஐந்தடி மூங்கில் கம்பு ஒன்றை முன்னால் ஊன்றி, இரண்டு அடி உள்ளே போயும் தரை தட்டவில்லை என்றால் திரும்பிவிடவும்.

வெறுங்காலில் இறங்குவது சுகம்தான். ஆனால் சேற்றுக்குள் சீமைக்கருவேல முள்ளும் உடைந்த பாட்டிலும் கிடக்கும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸைக் கரம்பை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கால் வரும், பூட்ஸ் வராது. பின்பக்கப் பட்டி உள்ள, கனத்த அடி ரப்பர்ச் செருப்பைக் காலோடு இறுக்கிக் கட்டிக்கொள்வதே இந்த மண்ணுக்குச் சரி. கால் புதைந்தால் மறுகாலை அழுத்தி இழுக்கக் கூடாது, அதுவும் புதையும். கம்பைப் படுக்கவைத்து அதில் எடையைச் சாய்த்து, புதைந்த பாதத்தை முன்னும் பின்னும் ஆட்டி, காற்றும் தண்ணீரும் உள்ளே போக விட்டால் சேறு பிடியைத் தளர்த்தும்.

கரையோரப் புல்லில் கண்ணாடி விரியன் உண்டு. முழங்கை ஊன்றிப் படுக்கும் முன் அந்த இடத்தைக் கம்பால் தட்டிப் பார்க்கவும். கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குச் சேற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரும் வழி அது. திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவவும். இடி கேட்டால் கண்மாய் நடுவில் நிற்காமல் கிளம்பிவிட வேண்டும். அந்த வெட்டவெளியில் உயரமானது நீங்களும் டிரைபாடும்தான்.

கண்மாயில் மீன்பாசிக் குத்தகை எடுத்தவர்கள் காவல் போட்டிருப்பார்கள். விடியாத நேரத்தில் பையோடு இறங்குகிற அந்நிய ஆளை அவர்கள் சந்தேகப்படுவது நியாயம். "அண்ணே, பறவைப் படம் எடுக்க வந்துருக்கேன், வலைப் பக்கம் வரமாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் எங்கே பறவை இறங்குகிறது என்பதையும் அவர்களே காட்டுவார்கள்.

கேமராவைத் தாங்குவது

சேற்றுப்பறவைப் படத்தில் உயரம்தான் எல்லாம். லென்ஸ் தரையிலிருந்து ஓர் அடிக்குள் இருந்தால், பறவைக்கு முன்னும் பின்னும் உள்ள சேறு மங்கி, பறவை மட்டும் பிரிந்து தெரியும். டிரைபாடை அவ்வளவு தாழ்த்துவது கடினம். பழைய இரும்புத் தோசைக்கல் அல்லது விளிம்புள்ள அலுமினியத் தாம்பாளம் ஒன்றை எடுத்து, அதன்மேல் உமிப் பையை வைத்து, பைமேல் லென்ஸை வைக்கவும். தட்டு சேற்றில் புதையாமல் வழுக்கிக்கொண்டு வரும். முன்னால் தள்ளித் தள்ளியே நகரலாம். பை ஓர் அடிக்கு முக்கால் அடி, கெட்டியான காடாத் துணி, உள்ளே கால்வாசி காலியாக இருக்கட்டும். முழுக்க நிரப்பினால் லென்ஸ் உருளும். அரிசி போட்டால் கனம், நனைந்தால் புளித்து நாறும். உமி இலேசு, ஆனால் காற்றில் ஆடும். பெரிய லென்ஸுக்குப் பாதி உமி, பாதி நெல். உங்களுக்குக் கீழே விரிக்க உரச்சாக்குப் போதும்.

டிரைபாடைச் சேற்றில் நிறுத்தும்போது வழக்கத்துக்கு மாறாக, மிக மெல்லிய கடைசிக் கணுவை முதலில் முழுக்க இழுத்துவிடவும். பூட்டு சேற்றுக்கு மேலேயே இருக்கும், மணல் உள்ளே போகாது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் பெயின்ட் டப்பா மூடி ஒன்று. வைத்து அழுத்தியபின் ஒரு நிமிடம் விட்டுவிட வேண்டும். சேறு மெதுவாக இறங்கிக்கொண்டே இருக்கும், உடனே எடுத்தால் நீண்ட நேரப் படத்தில் கோணம் நழுவும்.

நிலக்காட்சி

வெடிப்பு நிலத்தை எடுக்க வைட் லென்ஸ், முழங்கால் உயரம், சற்றுக் கீழ்நோக்கிய கோணம். உயரம் கூடினால் வெடிப்புகள் தரைப்படம் போல் தட்டையாகிவிடும். ஃபோகஸில் பலர் தொலைவில் உள்ள மரத்தைப் பிடித்துவிட்டு முன்னால் உள்ள வெடிப்பைக் கோட்டைவிடுகிறார்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24 எம்எம், எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு) வைத்து 1.75 மீட்டர் தொலைவில் ஃபோகஸ் செய்தால் சுமார் 0.9 மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி கேமராவில் 16 எம்எம், எஃப்/8, 1.6 மீட்டர் என்று வைத்தால் ஏறக்குறைய அதே பலன். எஃப்/22-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் முழுப்படமும் சற்று மழுங்கும். வெடிப்பின் கூர்மைதான் படம் என்கிறபோது அது நஷ்டம்.

வெயில் தாழ்வாக விழ வேண்டும். உதயத்துக்குப் பின் முதல் நாற்பது நிமிடம், மறைவுக்கு முன் கடைசி நாற்பது நிமிடம். சூரியன் பக்கவாட்டில் இருக்குமாறு நின்றால் ஒவ்வொரு வெடிப்பின் ஒரு சுவரில் ஒளியும் மறுசுவரில் இருட்டும் விழும். எட்டரை மணிக்கு மேல் அதே நிலம் சாம்பல் பூத்துக் கிடக்கும், லென்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

போலரைசர் ஃபில்டரை ஈரச் சேற்றில் யோசித்துப் போடவும். அது பளபளப்பை வெட்டிக் கரம்பையின் கருப்பையும் செம்மண்ணின் சிவப்பையும் வெளியே கொண்டுவரும். கூடவே சேற்றில் விழுந்த வானத்தையும் கொன்றுவிடும். நீர்ப்படலம் நிற்கும் நாளில் அதைக் கழற்றிவிடுவதே மேல். போட்டால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்), அதற்கேற்ப ஷட்டரைத் தாழ்த்த வேண்டும்.

ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் காலை மஞ்சளைக் கேமரா சரிசெய்கிறேன் என்று சேற்றைச் சாம்பலாக்கும். 5500 கெல்வினில் பூட்டிவிடவும். செல்போனில் எடுப்பவர்கள் திரையில் வானத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டியபின் சட்டத்தைக் கீழே இறக்கினால் மேகம் வெளுக்காது.

கருஞ்சேற்றில் வெள்ளைக் கொக்கு

சேற்றுப் பறவைப் படத்தில் மிகுதியாக நடக்கும் கோளாறு இது. சட்டத்தின் பெரும்பகுதி கருஞ்சேறு. கேமரா அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும், சிறகின் ஓர் இழைகூட மிஞ்சாது. பிறகு கணினியில் எவ்வளவு இருட்டாக்கினாலும் அது திரும்ப வராது.

ஆட்டோவை விட்டுவிட்டு மேனுவலுக்கு வாருங்கள். வெயில் மாறாத வரை கொக்கின்மேல் விழும் ஒளியும் மாறாது. பின்னால் சேறோ புல்லோ வானமோ, அளவு ஒன்றுதான்.

1. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 400, எஃப்/6.3, ஷட்டர் 1/2000 நொடி. குளிர்காலத்தில் காலை ஏழரை மணித் தெளிந்த வெயிலுக்கும் அதே அளவு தாழ்ந்த மாலை வெயிலுக்கும் இது தொடக்கப் புள்ளி.
2. கொக்கு வெயிலில் நிற்கும்போது ஒரு படம் எடுத்து, ஹைலைட் எச்சரிக்கையை (வெளுத்துப்போன இடம் திரையில் சிமிட்டுவது) பார்க்கவும். முதுகில் சிமிட்டினால் 1/2500, அதுவும் போதாவிட்டால் 1/3200.
3. சிமிட்டல் நின்ற இடத்திலிருந்து மேலும் இருட்டாக்க வேண்டாம். சேறு கருப்பாகத் தெரியும், தெரியட்டும். ரா கோப்பில் (கேமரா சுருக்காமல் சேமிக்கும் மூலக் கோப்பு) நிழலை இரண்டு ஸ்டாப் வரை தூக்கலாம்.
4. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கவும். காலையில் ஒளி ஏறும், மாலையில் அதைவிட வேகமாக இறங்கும்.

மடையான் விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. வரப்போரம் குந்தி நிற்கும்போது அது முழுக்க மண்ணிறம். அளவை அதற்கேற்பத் தூக்கி வைத்திருப்பீர்கள். கிளம்பிய கணத்தில் இரண்டு வெள்ளைச் சிறகு விரியும், படம் வெளுத்துப்போகும். நிற்கும்போதே பக்கத்துக் கொக்கை வைத்து வெள்ளைக்கு அளந்துவிடவும். மடையான் நின்ற படம் ஒரு ஸ்டாப் இருட்டாக வரும், அதைத் தூக்கிக்கொள்ளலாம்.

இரை தேடும் பறவைக்கு 1/800 முதல் 1/1250, பறப்பதற்கு 1/2000-க்குக் குறையாமல். மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்து, ஒரு காலால் சேற்றைக் கலக்கும். மீன் பட்டதும் அலகு மூடும் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. அது காலை உதறத் தொடங்கும்போதே தொடர்ந்து அழுத்த ஆரம்பித்துவிட வேண்டும். நத்தைகுத்தி நாரை நத்தையை எடுத்ததும் தலையை நிமிர்த்தாமல் தண்ணீருக்குள்ளேயே வேலையை முடிக்கப் பார்க்கும். அதனிடம் பொறுமை வேண்டும்.

300 எம்எம், எஃப்/5.6, 15 மீட்டர் தொலைவு என்றால் தெளிவு நிற்கும் ஆழம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். கண் கண்டுபிடிக்கும் தானியங்கி ஃபோகஸ் மண்ணிற உள்ளான்களை விட்டுவிட்டுச் சேற்றுக் கட்டிக்குத் தாவும். ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்து கண்ணில் வைக்கவும். மார்ச்சில் ஒன்பது மணிக்கு மேல் எல்லாப் படமும் மழுங்கலாக வந்தால், 10 மீட்டருக்குள் ஒரு கல்லை எடுத்துப் பாருங்கள். கல் தெளிவு, பறவை மழுங்கல் என்றால் காரணம் கானல். சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டாம், வீட்டுக்குப் போகலாம்.

கூடுள்ள மரத்தடிக்குப் போவதையும் கூட்டத்தைக் கிளப்பிவிட்டுப் பறக்கும் படம் எடுப்பதையும் அடியோடு விட்டுவிடவும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகலாம் என்பது ஒருபுறம். பெற்றோர் பறவை எழும்பிய பத்து நிமிடத்தில் குஞ்சு வெயிலில் வாடும், காக்கை முட்டையைத் தூக்கும்.

தொழி உழவு

கேஜ் வீல் (சேற்றில் புதையாத இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் தொழி அடிக்கும் வயல், படம் கற்க இந்தப் பக்கத்திலேயே சிறந்த இடம். உண்ணிக்கொக்குகள் ஆளுக்கு அஞ்சாமல் டிராக்டருக்குப் பின்னால் பத்தடியில் நடக்கும். 55–250 எம்எம் லென்ஸே தாராளம். வயல்காரரிடம் கேட்டுவிட்டு வரப்பு மூலையில் குந்தவும். நாற்று நட்ட வயலில் கால் வைக்கக் கூடாது, புது வரப்பை மிதித்து உடைக்கவும் கூடாது. டிராக்டர் உங்களை நோக்கி வரும்போது எடுப்பதைவிட, திரும்பிப் போகும்போது எடுங்கள். புரண்ட சேற்றில் புழுவுக்காகக் கொக்குகள் பின்னால் இறங்குவது அப்போதுதான், சக்கரத்துச் சேறு உங்கள் மேல் தெறிக்காமலும் இருக்கும். பரம்படித்து (பலகையால் சேற்றைச் சமன்செய்து) முடித்தபின் வயல் முழுக்க அசையாத தண்ணீர் நிற்கும். காற்று எழுமுன், கொக்கும் அதன் பிம்பமும் சேர்ந்து வர அந்த அரை மணி நேரம் கிடைக்கும்.

திரும்பி வந்தபின்

சேற்றுக் களத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். ஏசி காரிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் பனிக்கும். வந்து சேர்வதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியை நிறுத்தி விடவும்.

லென்ஸ் கண்ணாடியில் சேறு பட்டால் துண்டால் துடைப்பதுதான் முதல் தப்பு. வண்டலில் மணல் துகள் உண்டு, அது பூச்சைக் கீறும். பாதுகாப்பு ஃபில்டர் போட்டிருந்தால் அதைக் கழற்றிக் குழாயடியில் கழுவி, தண்ணீரை உதறி, மைக்ரோஃபைபரில் ஒற்றலாம். இல்லாவிட்டால் புளோயரால் ஊதி, லென்ஸ் டிஷ்யூவைக் கிளீனரில் நனைத்து, நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று. அந்தத் தாளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. கேமரா உடலில் பட்டதை ஈரத்தோடு தேய்த்தால் பட்டன் இடுக்கில் இறங்கும். நிழலில் காயவிட்டு, ஓர் அங்குல மென்மையான பெயின்ட் பிரஷால் தட்டி, ஊதி, கடைசியில்தான் ஈரத்துணி.

டிரைபாடை அன்றைக்கே கழற்றவும். மறுநாள் கரம்பை சிமென்ட்டாகிவிடும். திருகுப் பூட்டுகளைக் கழற்றி, உள்ளே உள்ள பிளாஸ்டிக் துண்டுகள் எந்த வரிசையில் இருந்தன என்று செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொண்டு, வாளித் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, திருகில் சிலிகான் கிரீஸ் சிறிது தடவவும். தேங்காய் எண்ணெய் போட வேண்டாம், அடுத்த தடவை மணல் அதில்தான் போய் ஒட்டும். உமிப் பையின் வாயைத் திறந்து உமியைக் கொட்டி வெயிலில் காயவைக்கவும். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்து, கேமராப் பையில் உள்ள லென்ஸுக்கும் அது பரவக்கூடும்.